சிக்கிமுக்கித் துப்பாக்கியும் சென்னைச் சிப்பாயும்

மலாய் மொழியில் துப்பாக்கிக்குச் 'செனாப்பாங்' என்று பெயர். மலாக்கா மாநிலத்துத் தோட்டங்களிலே காட்டுப்பன்றி சுட வருவோரின் தோளில் தொங்குவதை நம் சிறுவரும் அப்பெயராலேயே சுட்டுவர். அச்சொல் டச்சுக்காரர் விட்டுச் சென்றது. 'ஸ்நாப்ஹான்' என்பது அதன் மூலம். வெடுக்கெனக் கொத்தும் சேவல் என்பது பொருள். சிக்கிமுக்கிக் கல்லைக் கவ்விக்கொண்டு எஃகுத் தகட்டின்மேல் பாய்ந்து கொத்தும் உறுப்பு, டச்சுக்காரர் கண்ணுக்குச் சேவலாகத் தோன்றிற்று. தமிழர் அதே உறுப்பைக் 'குதிரை' என்றனர். 'துப்பாக்கி' துருக்கி மொழியிலிருந்தும், 'பீரங்கி' பரங்கியர் பெயரிலிருந்தும் வந்தவை. சொற்கள் கடல் கடந்து வந்தது போலவே கருவியும் வந்தது. அதைத் தூக்கிச் சுமந்த தமிழனும் கடல் கடந்து வந்தான். அவன் இம்மண்ணுக்கு வந்தது ரப்பர் மரம் சீவ மட்டும் அன்று. 1896-ஆம் ஆண்டில் தான் சாய் இயான் என்பார் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிடுவதற்கு அறுபது ஆண்டுகளுக்கும் முன்பே, கும்பினியாரின் சிப்பாயாக அவன் இங்கு வந்து போரிட்டான், மடிந்தும் போனான்.

கருவியின் அமைப்பு

அச்சிப்பாயின் கையிலிருந்த துப்பாக்கியை 'பிரௌன் பெஸ்' என்று ஆங்கிலேயர் செல்லமாக அழைத்தனர். அதன் 'இந்தியா மாதிரி' கிழக்கிந்தியக் கும்பினிக்காகவே வகுக்கப்பட்டது. 1797-இல் பிரிட்டிஷ் அரசின் படையும் அதனையே ஏற்றுக்கொண்டது. குழலின் உள்விட்டம் முக்கால் அங்குலம். குழலின் நீளம் 39 அங்குலம். நூறு கஜத்துக்கு அப்பால் குறி தவறாமல் சுடுதல் அரிது.

இது வெடிக்கும் முறையைச் சிறிது விளக்கமாக அறிதல் வேண்டும். சிப்பாய் தாள் தோட்டாவைப் பல்லால் கடித்துக் கிழிப்பான். சிறிதளவு மருந்தைக் குழலின் பக்கத்திலுள்ள சிறு கிண்ணத்தில் இடுவான். இதற்கு 'இரஞ்சகம்' என்று பெயர். எஞ்சிய மருந்தையும் ஈயக் குண்டையும் குழல் வாயில் போட்டு, நீண்ட கோலால் இடித்துக் கெட்டிப்பான். விசையை இழுத்தால் குதிரை பாயும், கல் எஃகில் உரசும், பொறி பறக்கும், இரஞ்சகம் பற்றும், அந்நெருப்புச் சிறு துளை வழியே உள்ளே நுழைந்து பெருமருந்தைக் கொளுத்தும். இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் துப்பாக்கி வெறும் தடியேயாம்.

கல் மழுங்கினால் பொறி வராது. துளை அடைபட்டால் நெருப்பு உள்ளே புகாது. எல்லாவற்றினும் கொடியது ஈரம். வெடிமருந்து என்பது வெடியுப்பு முக்கால் பங்கும், கரியும் கந்தகமும் கால் பங்கும் சேர்ந்த கலவை. அது ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. திறந்த கிண்ணத்தில் மழைத்துளி வீழ்ந்தால் கதை முடிந்தது.

பாதுகாப்புக்கும் ஒரு வழி செய்திருந்தனர். குதிரையைப் பாதியளவு பின்னிழுத்து நிறுத்தினால் விசை அசையாது. அந்நிலையிலேயே கெட்டித்தல் வேண்டும். ஆனால் நாள்பட்ட துப்பாக்கியில் உள்ளிருக்கும் பல் தேய்ந்துவிடும். குதிரை தானே பாய்ந்துவிடும். வெடிக்காத தோட்டா உள்ளே இருப்பதை அமளியில் உணராமல் அதன்மேல் மற்றொன்றைக் கெட்டித்துச் சுட்டால் குழலே பிளந்து சுடுபவனைக் காயப்படுத்தக்கூடும். இதற்கஞ்சியே இலண்டனிலும், 1813 முதல் பர்மிங்காமிலும், அளவுக்கு மிஞ்சிய மருந்திட்டுக் குழல்களைச் சோதித்து முத்திரையிடும் நிலையங்கள் இயங்கின.

நானிங் காட்டில்

1824-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி மறு ஆண்டு மலாக்கா டச்சுக்காரரிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறிற்று. இன்றைய அலோர் காஜாவைச் சூழ்ந்த நானிங் நாட்டினர் டச்சுக்காரருக்கு ஆண்டுக்கு 400 கந்தாங் நெல்லைப் பெயரளவிற் செலுத்தி வந்தவர்கள். கும்பினியாரோ விளைவில் பத்தில் ஒரு பங்கு கேட்டனர். நானிங்கின் பெங்குலு டோல் சைட் மறுத்தார். 1831-இல் சென்னைக் காலாட்படையின் 29-ஆம் ரெஜிமெண்டைச் சேர்ந்த ஏறத்தாழ 150 சிப்பாய்கள் இரண்டு பீரங்கிகளுடன் புறப்பட்டனர். அப்படையிலே தமிழரும் தெலுங்கரும் முஸ்லிம்களும் கலந்திருந்தனர்.

படை தோற்றது. காட்டுவழி மரங்களால் அடைக்கப்பட்டது. பின்புறத்து உணவு வழி அறுந்தது. திரும்பும் வழியில் பீரங்கிகளையும் கைவிட நேர்ந்தது. தோல்விக்குத் துப்பாக்கி ஒன்றே காரணம் என்பது மிகையாகும். ஆள் போதாமையும் பாதையின்மையும் எதிரியை எளிதாக எண்ணியதுமே முதற்காரணங்கள். எனினும் ஒன்றை நோக்குக. பிரௌன் பெஸ், திறந்த வெளியில் வரிசையாக நின்று ஒரே நேரத்தில் சுடுவதற்கென அமைந்த கருவி. தனிக்குண்டு குறி தவறினும் நூறு குண்டுகளுள் சில தைக்கும் என்பதே அதன் தத்துவம். பத்தடிக்கு அப்பால் பார்வை செல்லாத ஈரக்காட்டில் அத்தத்துவம் செல்லுபடியாகாது. மண்ணும் மரமும் கொண்ட அரணுக்குப் பின்னே அமர்ந்து, தம் துப்பாக்கியை நனையாமற் காத்து, வருவோனுக்காகக் காத்திருந்தவருக்கே அது ஏற்ற இடம்.

1832-இல் வந்த பெரும்படை இப்பாடத்தைக் கற்றிருந்தது. சென்னைச் சாப்பர்கள் இருபுறமும் மரங்களை வீழ்த்தி, அகன்ற பாதை வெட்டிக்கொண்டே மெல்ல முன்னேறினர். கருவியைக் காட்டுக்கேற்ப மாற்ற இயலாமையால் காட்டையே கருவிக்கேற்ப மாற்றினர் எனலாம். ஜூன் 15-ஆம் நாள் தாபோ வீழ்ந்தது. டோல் சைட் 1834-இல் சரணடைந்து, மாதம் நூறு ரூபாய் உபகாரச் சம்பளத்துடன் மலாக்காவில் வாழ்ந்து, 1849-இல் மறைந்தார். போருக்குச் செலவு ஏறத்தாழ ஓர் இலட்சம் பவுன் என்பர். கேட்ட வரியோ அதில் ஒரு சிறு துளி.

ஆறாயிரம் குண்டுகள்

ஈரத்துக்கு மருந்து கண்டவர் ஒரு பாதிரியார். ஸ்காத்லாந்தைச் சேர்ந்த அலெக்சாந்தர் ஃபார்சைத் பறவை வேட்டையில் விருப்பமுள்ளவர். இரஞ்சகம் மின்னியவுடன் பறவைகள் விழித்துப் பறந்துவிடுவது அவருக்குக் குறையாயிருந்தது. அடித்த மாத்திரத்தில் வெடிக்கும் இரசாயனப் பொருளைக் கொண்டு புதிய முறையொன்றை வகுத்து, 1807-இல் காப்புரிமை பெற்றார். பின்னர் அப்பொருளை அடக்கிய செம்புக் 'கேப்பு' தோன்றியது. தீபாவளியன்று நம் பிள்ளைகள் பொம்மைத் துப்பாக்கியில் வெடிக்கும் கேப்பும் இத்தத்துவத்தைச் சார்ந்ததே.

புதியதை எதிர்த்தவர்களும் இருந்தனர். சின்னஞ்சிறு கேப்பைப் படபடக்கும் விரலால் எடுத்து வைப்பது எங்ஙனம்? கேப்பு தீர்ந்துவிட்டால் என் செய்வது? சிக்கிமுக்கிக் கல்லோ எங்கும் கிடைக்குமே என்றனர். இவ்வாதம் முற்றிலும் பொருளற்றதன்று. ஆயினும் 1834-இல் வுல்விச்சில் நடந்த சோதனை வழக்கைத் தீர்த்தது. இருவகையிலும் ஆறாயிரம் முறை சுட்டுப் பார்த்தனர். சிக்கிமுக்கித் துப்பாக்கி 922 முறை வெடிக்கவில்லை. கேப்புத் துப்பாக்கி 36 முறையே தவறிற்று. ஒன்று ஆறரைக்கு ஒன்று. மற்றொன்று 166-க்கு ஒன்று.

காந்தன் நகர்ப் புறத்தில்

கணக்கு தெரிந்தும் கருவி மாறவில்லை. பண்டசாலைகளில் பழைய துப்பாக்கிகள் குவிந்து கிடந்தன. அவற்றை ஒதுக்கப் பணம் வேண்டும். ஏழு ஆண்டுகள் சென்றன. 1841 மே 30-ஆம் நாள், அபினி யுத்தத்தின்போது, சீனத்தின் காந்தன் நகருக்கு வடக்கே சான்யுவான்லி வயல்களில் சென்னைக் காலாட்படையின் 37-ஆம் ரெஜிமெண்டுக் குழுவொன்று பெரும்படையிலிருந்து பிரிந்துவிட்டது. இடியும் மழையும் கொட்டின. கிராமத்தார் ஆயிரக்கணக்கில் ஈட்டியுடன் சூழ்ந்தனர். விசையை இழுத்தால் கல் உரசிற்று, துப்பாக்கி பேசவில்லை.

சிப்பாய்கள் சதுரமாக அணிவகுத்து, துப்பாக்கி முனைச் சனியனை மட்டுமே நம்பி நின்றனர். தலைப்பாகையின் உட்துணி ஒன்றே நனையாதிருந்தது. அதைக் கிழித்துக் குழலைத் துடைத்துச் சில வேட்டுகளையேனும் தீர்த்தனர் என அக்காலக் குறிப்புகள் கூறும். இரவில் கேப்புத் துப்பாக்கி ஏந்திய கடற்படை வீரர் இரு குழுவினர் வந்து மீட்டனர். அதே மழையில் அவர்தம் துப்பாக்கிகள் வெடித்தன. சிப்பாய்க் குழுவில் ஒருவர் மாண்டார், பதினைவர் காயமுற்றனர். அன்று வெள்ளையர் பலரிடமும் பழைய கருவியே இருந்தது என்பதையும் நடுநிலையோடு கூறல் வேண்டும். சீனரோ அந்நாளைத் தம் மண்ணைக் காத்த நாளாகப் போற்றுகின்றனர், அதுவும் நியாயமே.

எஞ்சிய பாடம்

வெடிக்க வேண்டுமென்பது மட்டும் கருவியின் இலக்கணமன்று. அதை ஏந்துபவனையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். வரிப்பள்ளமுள்ள என்ஃபீல்டு துப்பாக்கியின் தோட்டாத் தாளுக்குக் குண்டு எளிதாக இறங்கும்பொருட்டு மசகு தடவினர். அம்மசகில் பசுவின் கொழுப்பும் பன்றியின் கொழுப்பும் உண்டென்ற செய்தி பரவி, 1857-இல் வட இந்தியச் சிப்பாய்களிடையே மூண்டிருந்த நெருப்புக்கு எண்ணெய் வார்த்தது. பல்லால் கடிக்க வேண்டியவனின் சமயத்தை அமைப்பாளர் எண்ணவில்லை. அதன் பின்னர் இந்தியச் சிப்பாய்க்கு வெள்ளையன் துப்பாக்கியினும் ஒரு படி தாழ்ந்ததையே கொடுப்பது கொள்கையாயிற்று. 1866-இல் பிரிட்டிஷ் படை ஏற்ற ஸ்நைடர் துப்பாக்கியில், கேப்பும் மருந்தும் குண்டும் பித்தளை உறையுள்ள ஒரே தோட்டாவில் அடங்கின. மழையின் ஆட்சி அத்துடன் ஓய்ந்தது.

மலாக்கா நகரில் செயிண்ட் பால் குன்றின் அடிவாரத்திலுள்ள டச்சுக் கல்லறைத் தோட்டத்தில், நானிங் போரில் மாண்ட வைட், ஹார்டிங் என்னும் இரு அதிகாரிகளுக்கு நினைவுத்தூண் நிற்கிறது. டோல் சைட்டின் கல்லறை தாபோ நானிங்கிலே போற்றிக் காக்கப்படுகிறது. தன் நாட்டைக் காத்தவனுக்கு அவன் நாட்டார் செய்யும் மரியாதை அது. தன்னுடையதல்லாத வரிக்காக, தன்னுடையதல்லாத காட்டில், மழையில் நனைந்தால் கைவிடும் கருவியோடு நின்ற சென்னைச் சிப்பாய்க்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை. அலோர் காஜா சாலையிலே தோட்டத்துப் பிள்ளைகள் இன்று செல்லும்போது, அவ்வழியே முன்னொரு காலம் தம் மூதாதையர் மரம் வெட்டிச் சென்றனர் என்பதை ஆசிரியர்கள் எடுத்துச் சொல்லலாம். பெருமைக்காக அன்று, எவர் கையில் எக்கருவி எதற்காகக் கொடுக்கப்படுகிறது என்று கேட்கும் அறிவு அவர்களுக்கு வளர்வதற்காக.