பெயர் மாறினால் கதவு திறக்கும்

தெருக்கூத்தில் மன்னன் வருகையை அறிவிப்பவன் கட்டியக்காரன். அவன் ஏவலன், ஆயினும் அரசனையே எள்ளி நகையாடும் உரிமை அவனுக்கு உண்டு. அவ்வுரிமை நம் பேசும் படங்களின் வேலைக்காரனுக்கு எம்மட்டில் வந்து சேர்ந்தது?

வழக்கறிஞராகவும் நீதிபதியாகவும் விளங்கிய பம்மல் சம்பந்த முதலியார், 1891-ல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்துக் கற்றோரை மேடையேற்றினார். அவருடைய ‘சபாபதி’ 1941-ல் படமாயிற்று. எஜமானன் பெயரும் சபாபதி. வேலைக்காரன் பெயரும் சபாபதி. எஜமானனாக டி.ஆர். இராமச்சந்திரன், வேலையாளாகக் காளி என். ரத்தினம். இட்ட கட்டளையைச் சொல்லுக்குச் சொல் அப்படியே நிறைவேற்றி, எஜமானனைத் திணற அடிக்கிறான் வேலையாள். எஜமானனோ அறிவில் அப்படியொன்றும் உயர்ந்தவனல்லன். இருவரையும் பிரிப்பது பிறந்த வீடு ஒன்றே. சிரிப்போடு சொல்லப்பட்டமையால் இவ்வுண்மை எவரையும் சுடவில்லை.

சுடும்படி சொன்னது 1949-ல் வெளிவந்த ‘வேலைக்காரி’. அறிஞர் அண்ணாவின் நாடகத்தை ஏ.எஸ்.ஏ. சாமியின் இயக்கத்தில் ஜுபிடர் நிறுவனத்தார் படமாக்கினர். ஜமீன்தார் வேதாசல முதலியாரின் கடன் கொடுமையால் ஓர் ஏழை தூக்கிட்டு மாள்கிறான். அவன் மகன் ஆனந்தன் பழிவாங்கப் புறப்படுகிறான்; கத்தியோடு அன்று. இறந்துபோன செல்வன் ஒருவனின் பெயரைத் தனதாக்கிக்கொண்டு, ஜமீன்தாருக்கு மருமகனாகவே மாளிகைக்குள் நுழைகிறான். அவ்வீட்டு வேலைக்காரி அமிர்தத்தின் கதையும் அத்தகையதே. ஜமீன்தாரின் மகன் அவளைக் காதலிக்கிறான். ஆனால் வேறோர் ஊரில் செல்வர் ஒருவரின் மகளாக அவள் ஏற்கப்பட்ட பின்னரே திருமணம் கைகூடுகிறது.

வேலைக்காரியாகவே அவளை மணமேடை ஏற்றியிருக்கலாகாதா என்று கேட்பார் உளர். நியாயமான கேள்விதான். எனினும், நேற்று விரட்டிய அதே ஆளை, பெயர் மாறியவுடன் மாளிகை மாலையிட்டு வரவேற்கிறதே! ஜமீன்தார் அறியாத இரகசியத்தை அறிந்தவாறு கொட்டகையில் அமர்ந்திருந்த எளியோருக்கு, குலப்பெருமை என்பது எத்துணைப் பொய் என விளங்க வேறு விரிவுரை வேண்டியதில்லை.

நம் குடியிருப்பின் இளைஞர்கள் நன்கறிந்தது 1995-ல் வந்த ‘முத்து’வாகவே இருக்கும். அதில் குதிரை வண்டி ஓட்டும் வேலையாளாக வருகிறார் ரஜினிகாந்த். கதை முடிவதற்குள், தம் சொத்தை வழங்கிவிட்டுத் துறவு பூண்ட ஜமீன்தாரின் மகனே அவன் என்பது வெளிப்படுகிறது. இங்கே பெயர் வேடமன்று. இரத்தமே உரிமை தருகிறது. இடையில் 46 ஆண்டுகள். படமெடுக்கும் கலை வெகுதூரம் வளர்ந்தது. வேலைக்காரன் கதையோ ஒரு படி இறங்கிற்று என்றே கருதுகிறேன். ஆனந்தன் பொய்ப் பெயரால் திறந்த கதவை, முத்து பிறப்புரிமையால் திறக்கிறான்.