அட்டிகஸுக்கு முன்னாலேயே ஒரு மனிதர்



"ஒரு நடிகனின் பெருமை பெரிதும் நிற்பது அவன் ஏற்ற வேடத்தாலா, வாழ்ந்த வாழ்வாலா?" இதுதான் தலைப்பு. வாழ்வால்தான் என்று பேச என்னை அனுப்பியிருக்கிறார்கள்.

எதிரணியிலே பேசின அம்மா ஒரு நல்ல உதாரணத்தைக் கொண்டுவந்து மேடையிலே வெச்சிட்டுப் போயிட்டாங்க. ஹாலிவுட் நடிகர் கிரிகரி பெக். 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' படத்திலே அட்டிகஸ் ஃபிஞ்ச் என்கிற வக்கீலாக நடித்தவர். 2003-ஆம் ஆண்டு அமெரிக்கத் திரைப்படக் கழகம், அந்நாட்டுத் திரைப்படங்களின் கதாநாயகர்களை வரிசைப்படுத்தியபோது முதலிடம் அட்டிகஸுக்குத்தான். "பாத்தீங்களா, நின்னது வேடம்தான், மனுஷன் இல்லே"ன்னு முடிச்சாங்க. கைதட்டலும் வாங்கிட்டாங்க. நான் வேற உதாரணம் தேடப்போறதில்லை, நடுவர் அவர்களே. அம்மா வெச்ச இலையிலேயே நானும் உக்காந்து சாப்பிட்டுக்கிறேன். (சிரிப்பு)

நம்ம ஊர்க்காரர்களுக்குக் கிரிகரி பெக் என்றால் 'மெக்கன்னாஸ் கோல்டு'. 1969-லே வந்த படம். இந்தியாவிலே திரும்பத் திரும்ப ஓடியது. கல்லூரி நாட்களில் நானும் பார்த்தேன். தங்கம், குதிரை, பள்ளத்தாக்கு, கடைசியிலே மலையே சரிந்து விழும். அவருடைய நல்ல படங்களிலே அதை நான் சேர்க்கமாட்டேன். ஆனால் அந்த உயரமும் அந்தக் கனத்த குரலும் நமக்கு அறிமுகமானது அங்கேதான்.

1916 ஏப்ரல் 5-ஆம் தேதி, கலிபோர்னியாவிலே சான் டியாகோவைச் சேர்ந்த லா ஹோயாவில் பிறந்தார். அப்பா மருந்துக்கடை வைத்திருந்தவர். பிள்ளை சிறுவனாக இருந்தபோதே அப்பாவும் அம்மாவும் பிரிந்துவிட்டார்கள். வளர்த்தது பாட்டி. வாரத்துக்கு ஒரு சினிமாவுக்குக் கூட்டிக்கொண்டு போனதும் அந்தப் பாட்டிதான். பெரிய நடிகர்கள் பலருக்குப் பின்னாலே இப்படி ஒரு பாட்டி இருப்பாங்கன்னு நினைக்கிறேன்.

பெர்க்லியில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திலே படித்தார். அங்கே படகுப் போட்டிக் குழுவிலும் இருந்தார். பிறகு நடிப்புக் கற்க நியூயார்க் போனார். மார்த்தா கிரஹாம் என்கிற புகழ்பெற்ற நடனக் கலைஞரிடம் பயிற்சி பெறும்போது முதுகிலே அடிபட்டது. இரண்டாம் உலகப் போரிலே அவரைப் படைக்கு எடுக்காததற்கு அதுதான் காரணம். பின்னாலே ஸ்டுடியோக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? "படகு ஓட்டினபோது அடிபட்டது"ன்னு விளம்பரம் கொடுத்தார்கள்! டான்ஸ் கிளாஸிலே அடிபட்டதுன்னு சொன்னா கதாநாயகனுக்கு வீரம் குறைஞ்சிடுமாம். அவரே பின்னாளில் இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

இதை எதுக்குச் சொல்றேன்னா, அந்தக் கால ஹாலிவுட்டிலே நடிகன் என்பவன் ஸ்டுடியோவின் சரக்கு. ஏழு வருஷ ஒப்பந்தத்திலே கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். எந்தப் படத்திலே நடிப்பது, பத்திரிகையிலே என்ன பேசுவது, எல்லாம் அவர்கள் வைத்த சட்டம். கிரிகரி பெக் ஒரே ஸ்டுடியோவுக்கு மட்டும் கட்டுப்படுகிற ஒப்பந்தத்துக்கு ஒத்துக்கொள்ளவில்லை. முதல் படம் வந்தது 1944-லே. அதற்கும் முன்னாலேயே அவர் எடுத்த முடிவு இது. புதுசா வந்த பையன், கையிலே ஒரு வெற்றிகூட இல்லை! இந்த இடத்தை நடுவர் குறித்துக்கொள்ள வேண்டும். வேடமே இன்னும் கிடைக்கவில்லை, மனிதர் வந்துவிட்டார்.

அதற்கப்புறம் ஏறுமுகம். 1944-க்கும் 1949-க்கும் இடையிலே வந்த படங்களுக்கு மட்டும் நாலு தடவை சிறந்த நடிகருக்கான ஆஸ்கார் பட்டியலிலே பேர் வந்தது. நாலு தடவையும் பரிசு வரலை. அதிலே மூன்றாவது படத்தைப் பற்றித்தான் நான் பேசணும்.

1947, 'ஜென்டில்மேன்ஸ் அக்ரிமென்ட்'. ஒரு பத்திரிகையாளர் தன்னை யூதர் என்று சொல்லிக்கொண்டு சில வாரம் வாழ்ந்து பார்க்கிறார். ஹோட்டலிலே அறை கிடைக்காது. மகனைப் பள்ளிக்கூடத்துப் பையன்கள் ஏசுவார்கள். காதலியே முகம் சுளிப்பாள். "நாங்க யாரையும் வெறுக்கறதில்லைங்க"ன்னு சொல்லிக்கிட்டே நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கிற நாகரிகமான மனிதர்களைப் பற்றிய படம். ஹிட்லர் செத்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. அப்போதும் அமெரிக்காவிலே இதைப் படமாக எடுக்கத் தயங்கினார்கள். வளர்ந்துவரும் நேரத்திலே இது வேண்டாம் என்று பெக்கின் ஏஜெண்டே எச்சரித்தார். அவர் நடித்தார். சிறந்த படத்துக்கான ஆஸ்கார் அதற்குக் கிடைத்தது.

இதுவும் வேடம்தானே என்று எதிரணி கேட்கும். கேட்கட்டும். அதே வருஷம் அக்டோபரிலே என்ன நடந்தது? அமெரிக்க விரோதச் செயல்களை விசாரிக்கும் குழு என்று நாடாளுமன்றத்திலே ஒரு குழு. ஹாலிவுட்டிலே யார் கம்யூனிஸ்ட், எழுந்து பதில் சொல்லு என்று கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். பதில் சொல்ல மறுத்த பத்துப் பேர் நாடாளுமன்றத்தை அவமதித்ததாகச் சிறைக்குப் போனார்கள். இன்னும் எத்தனையோ பேருக்கு வேலை போனது. அந்த விசாரணையைக் கண்டித்து எழுதின கடிதத்திலே கிரிகரி பெக் கையெழுத்துப் போட்டார்.

சிறைக்குப் போனாரா? இல்லை. படங்கள் பறிபோனதா? இல்லை. அதை மறைத்து நான் அவரைத் தியாகியாக்க வரவில்லை. ஆனால் இன்னொன்றைப் பாருங்க. அதே 'ஜென்டில்மேன்ஸ் அக்ரிமென்ட்' படத்தை இயக்கியவர் இலியா கசான், மகா திறமைசாலி. 1952-லே அந்தக் குழு முன்னாலே போய், தன்னோட பழைய தோழர்கள் பேரைச் சொன்னார். மனசாட்சியைப் பற்றிப் படம் எடுத்தவர் அவர். அதிலே நடித்தவர் இவர். படம் ஒண்ணுதான், நடுவர் அவர்களே! படம்தான் பெருமைன்னா இரண்டு பேருக்கும் ஒரே அளவு பெருமை கிடைச்சிருக்கணுமே? 1999-லே கசானுக்குக் கௌரவ ஆஸ்கார் கொடுத்தபோது, அந்த அரங்கத்திலேயே பலர் கைதட்டாமல் உட்கார்ந்திருந்தார்களே, ஏன்? (கைதட்டல்)

1953-லே 'ரோமன் ஹாலிடே' வந்தது. இளவரசியாக ஆட்ரி ஹெப்பர்ன். ஹாலிவுட்டிலே அந்தப் பெண்ணுக்கு அதுதான் முதல் பெரிய வேடம். ஒப்பந்தப்படி படத்தின் தலைப்புக்கு மேலே கிரிகரி பெக் பேர் மட்டும்தான். அவள் பேர் கீழே, சின்ன எழுத்திலே, அறிமுகம் என்று. படப்பிடிப்பு நடக்கும்போதே பெக் சொல்லிவிட்டார், என் பேர் பக்கத்திலே அந்தப் பெண் பேரையும் போடுங்கள் என்று. நம்ம கல்யாணப் பத்திரிகையிலே பேர் கீழே போயிட்டாலே வாசல்படி மிதிக்காத சித்தப்பாவெல்லாம் இருக்காங்க. (சிரிப்பு) இங்கே ஒருத்தர் தானாகப் பாதி இடத்தை விட்டுக்கொடுத்தார். அந்தப் படத்துக்கே ஆட்ரி ஹெப்பர்னுக்குச் சிறந்த நடிகை ஆஸ்கார்.

அதே படத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. கதையை எழுதியவர் டால்டன் ட்ரம்போ, சிறைக்குப் போன அந்தப் பத்துப் பேரிலே ஒருவர். அவர் பேரைப் போடமுடியாது. நண்பர் ஒருவர் பேரிலே கதை வந்தது, ஆஸ்காரும் அந்தப் பேருக்கே போனது. ட்ரம்போ இறந்து பல வருஷம் கழித்து, 1993-லேதான் அந்த விருது அவர் மனைவி கைக்கு வந்தது. பேர் என்பது அந்தக் காலத்திலே அவ்வளவு பெரிய விஷயம்.

இப்போ அட்டிகஸுக்கு வருவோம்.

ஹார்ப்பர் லீ எழுதிய நாவல் 1960-லே வந்தது, 1961-லே புலிட்சர் பரிசு பெற்றது, 1962 டிசம்பரிலே படம். தென் மாநிலமான அலபாமாவிலே மேகோம்ப் என்கிற கற்பனை ஊர். வெள்ளைக்காரப் பெண்ணைக் கெடுத்ததாக டாம் ராபின்சன் என்ற கறுப்பர் மேலே பொய் வழக்கு. அவருக்காக வாதாடுகிற வெள்ளைக்கார வக்கீல் அட்டிகஸ். முடிவிலே நீளமாகப் பேசுவார். தோற்றுப்போவார். தீர்ப்புத் தவறியது என்று தெரிந்ததும் பாண்டியன் அரியணையிலேயே உயிரை விட்டான் என்று நான் வகுப்பிலே பாடம் நடத்துகிறவன். மேகோம்ப்பிலே அந்தப் பன்னிரண்டு ஜூரிகளும் எழுந்து வீட்டுக்குச் சாப்பிடப் போயிட்டாங்க.

ஹார்ப்பர் லீயின் அப்பாவும் வக்கீல். அட்டிகஸுக்கு அவர்தான் மூலம். பெக் அவர்களுடைய சொந்த ஊரான மன்றோவில்லுக்குப் போய் அந்தப் பெரியவரைப் பார்த்துவிட்டு வந்தார். அட்டிகஸ் உடையிலே பெக் படப்பிடிப்புக்கு வந்து நின்றபோது ஹார்ப்பர் லீயின் கண்ணிலே நீர். என்ன என்று கேட்டால், எங்க அப்பாவுக்கு இருந்த மாதிரியே உங்களுக்கும் கொஞ்சம் தொப்பை இருக்கு என்றாராம். அது தொப்பை இல்லை, என்னுடைய நடிப்பு என்றாராம் பெக்! (சிரிப்பு) அந்த அப்பா 1962 ஏப்ரலிலே, படம் வெளிவருவதற்கு முன்பே காலமானார். அவருடைய பாக்கெட் கடிகாரத்தை மகள் பெக்குக்குக் கொடுத்துவிட்டார். சிறந்த நடிகர் விருது வாங்கிய இரவிலே அந்தக் கடிகாரம் அவரிடம் இருந்தது. அப்பாவின் கடிகாரத்தை யாருங்க ஒரு வேடத்துக்குக் கொடுப்பாங்க? மனுஷனுக்குத்தான் கொடுப்பாங்க.

அந்த இரவு 1963 ஏப்ரல் 8. நாலு நாள் கழித்து, ஏப்ரல் 12-லே, அதே அலபாமா மாநிலத்திலே பர்மிங்ஹாம் நகரத்திலே, ஊர்வலம் போனதற்காக மார்ட்டின் லூதர் கிங்கைப் பிடித்துச் சிறையிலே வைத்தார்கள். திரையிலே நியாயத்துக்குத் தங்கச் சிலை, தெருவிலே நியாயம் கேட்டவருக்குக் கைவிலங்கு.

சரியாக ஐந்து வருஷம் கழித்து அந்தத் தெரு, ஆஸ்கார் அரங்கத்தின் வாசலுக்கே வந்தது. 1968. கிரிகரி பெக் இப்போ ஆஸ்கார் வழங்கும் அகாடமியின் தலைவர். விழா ஏப்ரல் 8 என்று அறிவித்தாயிற்று. ஏப்ரல் 4-லே மெம்ஃபிஸ் நகரிலே கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். நகரங்கள் பற்றி எரிகின்றன. இறுதி ஊர்வலம் ஏப்ரல் 9. அதற்கு முந்தின நாள் பட்டுச் சட்டை போட்டுக்கொண்டு பரிசு வாங்குவதா? சிட்னி பாய்ட்டியர், லூயி ஆம்ஸ்ட்ராங், சாமி டேவிஸ் ஜூனியர், டயான் கேரல் ஆகிய நாலு கறுப்பினக் கலைஞர்கள், அன்று நடந்தால் நாங்கள் வரமாட்டோம் என்றார்கள்.

யோசித்துப் பாருங்க. நாடு முழுக்கத் தொலைக்காட்சியிலே வருகிற விழா. விளம்பரதாரர் பணம், அரங்கம், அழைப்பு எல்லாம் தயார். அதுவரை இப்படித் தள்ளிவைத்ததாக ஒரே ஒரு சம்பவம்தான், 1938-லே வெள்ளம் வந்தபோது. தலைவர் என்ன செய்தார்? விழாவை ஏப்ரல் 10-க்குத் தள்ளினார். விழாவுக்குப் பிறகு நடக்கும் பெரிய விருந்தை ரத்து செய்தார். நாலு பேரும் வந்தார்கள். பெக் மேடையேறி முதலிலே கிங்கைப் பற்றித்தான் பேசினார். சிறந்த படத்துக்குப் போட்டியிட்ட ஐந்திலே இரண்டு படங்கள் இனங்களுக்கிடையே புரிதலைப் பற்றியவை என்பதையே கிங்கின் தாக்கத்துக்குச் சாட்சியாகச் சொன்னார். அதிலே ஒன்றான 'இன் த ஹீட் ஆஃப் த நைட்' அன்று சிறந்த படமானது.

இரண்டு நாள் தள்ளி வெச்சது அவ்வளவு பெரிய விஷயமான்னு எதிரணி ஐயா அங்கே சிரிக்கிறார். ஐயா, வீட்டிலே ஒரு காதுகுத்தைத் தள்ளி வெச்சுப் பாருங்க, தெரியும்! (சிரிப்பு, கைதட்டல்)

மீதியை வேகமாகச் சொல்கிறேன், மணி பக்கத்திலே நடுவர் கை போகிறது. 1969-லே அமெரிக்காவின் உயர்ந்த குடிமக்கள் விருதை அதிபர் ஜான்சன் கொடுத்தார். ஜான்சன் நடத்திய வியட்நாம் போரைப் பெக் எதிர்த்தார். மூத்த மகன் ஜானதன் அந்தப் போரிலேயே பணியாற்றினார். மகன் பக்கமும் நின்றார், போரையும் எதிர்த்தார். படைக்கு ஆள் எடுக்கும் காகிதங்களைக் கொளுத்திய ஒன்பது கத்தோலிக்கர்களின் வழக்கை 1972-லே படமாகத் தயாரித்தார். அதிபர் நிக்சனின் எதிரிகள் பட்டியல் 1973-லே வெளியே வந்தபோது அதிலே இவர் பேரும் இருந்தது. கலிபோர்னியா ஆளுநர் தேர்தலிலே ரீகனை எதிர்த்து நில்லுங்கள் என்று 1970-க்காகக் கேட்டார்கள், மாட்டேன் என்றார். நடிகர் ஒருவர் மாட்டேன் என்றதை நாம் கொஞ்சம் நின்று ரசிக்கலாம்.

1975-லே அந்த மூத்த மகன் ஜானதன், 30 வயதிலே, தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். அந்தத் துயரம் அவரை விட்டுப் போகவே இல்லை. ஊருக்கே முன்மாதிரித் தகப்பனாகத் திரையிலே நின்றவர் வீட்டிலே இப்படி ஒரு இடி. இதை எந்த அணிக்கும் சாதகமாக நான் பயன்படுத்தப்போவதில்லை.

அம்மா சொன்ன அந்தக் கதாநாயகர் பட்டியல் வெளியானது 2003 ஜூன் 3. கிரிகரி பெக் இறந்தது ஜூன் 12, வயது 87. லாஸ் ஏஞ்சல்ஸ் தேவாலயத்திலே நடந்த இரங்கல் கூட்டத்திலே எழுந்து பேசியவர் ப்ராக் பீட்டர்ஸ். டாம் ராபின்சனாக நடித்த கறுப்பின நடிகர். நீதிமன்றக் காட்சியிலே அவர் அழும்போது, நேரே பார்த்தால் தன் குரலும் உடைந்துவிடும் என்று, பெக் அவர் முகத்தைத் தாண்டிப் பார்த்தபடி நடித்ததாகச் சொல்வார்கள். படப்பிடிப்பு முடிந்து நாற்பது வருஷம் ஆகியும் அந்த நட்பு முடியவில்லை. படத்திலே குழந்தை ஸ்கவுட்டாக நடித்த மேரி பாதமும் கடைசிவரை அவரை அட்டிகஸ் என்றுதான் கூப்பிட்டார். அவர் பிள்ளைகளோடு போய் விளையாடிக்கொண்டிருந்த வீடு அது.

மணி அடித்துவிட்டீர்கள். தீர்ப்பு உங்களுடையது, நடுவர் அவர்களே.