காக்கும் பெயர் கொண்ட இலை
(சேஜ் செடியின் வரலாறு)



சளி பிடித்தால் கற்பூரவல்லி, இருமல் வந்தால் துளசி, வயிறு மந்தமானால் புதினா. நம்ம பாட்டிமார்கள் இந்தக் கணக்கை எந்த ஏட்டிலும் எழுதி வைக்கவில்லை. வாய்மொழியாகவே சொல்லிச் சொல்லி நம்மிடம் சேர்த்தார்கள். இந்த மூன்று செடிகளுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. மாணவர்களே, இவற்றின் இளந்தண்டை இரு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டிப் பாருங்கள். வழுவழுவென்று உருளாது, நான்கு பட்டையாகத் தட்டுப்படும். பூவைப் பார்த்தால் மேல் உதடு, கீழ் உதடு என இரண்டு உதடு தெரியும். தும்பையும் திருநீற்றுப்பச்சையும்கூட இந்தக் குடும்பம்தான். இதே குடும்பத்தில் பிறந்து, மேல்நாட்டிலும் சீன நாட்டிலும் பெரும் பேர் வாங்கிய செடிதான் சேஜ்.

பெயர் வந்த விதம்

சேஜ் செடியின் தாயகம் மத்தியதரைக் கடலின் வடகரை நாடுகள். கல்லும் வெயிலும் நிறைந்த மலைச்சரிவில் அது நன்றாக வளரும். இலை சாம்பல் பூசியது போன்ற பச்சை நிறம். அதைத் தொட்டால் கம்பளித் துணியைத் தொட்டது போல இருக்கும். லத்தீன் மொழியில் இதற்குச் சால்வியா என்று பெயர். காப்பது, குணமாக்குவது என்னும் பொருள் தரும் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. சால்வியாதான் தேய்ந்து ஆங்கிலத்தில் சேஜ் ஆனது. ஞானியையும் ஆங்கிலத்தில் சேஜ் என்பார்கள். அது வேறு வேரிலிருந்து வந்த சொல்.

முதல் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் டயாஸ்கொரிடிஸ் தம் மருந்து நூலில் இச்செடியைக் குறித்திருக்கிறார். கி.பி. 800ஆம் ஆண்டையொட்டிப் பேரரசர் சார்லமேன் காலத்தில் ஓர் ஆணை பிறந்தது. அரசருக்குச் சொந்தமான தோட்டங்களில் என்னென்ன செடிகள் வளர்க்க வேண்டும் என்ற பட்டியல் அதில் இருந்தது. அப்பட்டியலில் சேஜும் உண்டு. கிறிஸ்துவ மடங்களின் மூலிகைத் தோட்டங்களிலும் அது இடம் பிடித்தது. பிறகு 1753ஆம் ஆண்டு, சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் தாவரங்களுக்கு இரட்டைப் பெயர் சூட்டியபோது, இதற்குச் சால்வியா அஃபிசினாலிஸ் என்று பெயர் வைத்தார். அஃபிசினா என்பது மடத்தில் மருந்து சேர்த்து வைக்கும் அறை. ஆகவே, ‘மருந்தறைச் செடி’ என்பதே அப்பெயரின் பொருள்.

இலைக்குள் என்ன இருக்கிறது?

ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக, “இந்த இலை நல்லது” என்று மட்டுமே மக்கள் சொல்லி வந்தார்கள். “அதுக்குள்ள என்ன இருக்கு?” என்ற கேள்வி பிறகுதான் வந்தது. 1820ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் பெல்லெட்டியே, காவெந்து என்னும் இருவர் சின்கோனா மரப்பட்டையிலிருந்து குயினைனைத் தனியே பிரித்தெடுத்தனர். மலேரியாக் காய்ச்சலுக்கு அந்தக் காலத்துத் தோட்டங்களில் கொடுத்த கொயினா மருந்து அதுதான். மற்றச் செடிகளையும் அவ்வாறே ஆராயும் வழக்கம் பரவியது.

சேஜ் இலையைக் கொதிக்க வைத்து ஆவியைக் குளிர்வித்தால் எண்ணெய் கிடைக்கும். அந்த எண்ணெயில் தூஜோன், கற்பூரம், சினியோல் ஆகியவை முக்கியமானவை. இலையின் வாசனைக்கு இவையே காரணம். வாசனை இல்லாத சத்துகளும் உண்டு. 1958இல் இத்தாலிய அறிஞர்கள் ரோஸ்மேரிச் செடியிலிருந்து ரோஸ்மரினிக் அமிலத்தைப் பிரித்தனர். சேஜிலும் அது இருக்கிறது. நம்ம துளசியிலும் கற்பூரவல்லியிலும் அதே அமிலம் இருக்கிறது! கடல் தாண்டிப் பிறந்த செடியும் வாசல் ஓரத்துச் செடியும் உறவுக்காரர்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? 1964இல் சேஜ் இலையில் கார்னோசிக் அமிலம் கண்டறியப்பட்டது. எண்ணெயும் கொழுப்பும் சீக்கிரம் காறிப்போகாமல் தடுக்கும் குணம் அதற்கு உண்டு. இறைச்சியோடு சேஜ் சேர்த்துச் சமைக்கும் மேல்நாட்டு வழக்கத்தில் இப்படியும் ஒரு நன்மை இருந்திருக்கிறது.

தொண்டைப் புண்ணுக்குக் கொப்பளிக்கவும், அதிகமாக வியர்ப்பதைக் குறைக்கவும், லேசான செரிமானக் கோளாறுக்கும் சேஜ் கஷாயம் ஐரோப்பாவில் வழிவழியாகப் பயன்பட்டு வருகிறது.

மருந்தும் நஞ்சும்

இனிதான் நாம் கவனிக்க வேண்டிய செய்தி வருகிறது. மேலே சொன்ன தூஜோன் அளவு மிஞ்சினால் நரம்பைத் தாக்கும், வலிப்பு உண்டாகும். மூளையின் பரபரப்பை அடக்கும் ஒரு வகைத் தடையை அது கெடுத்துவிடுகிறது என்று 2000ஆம் ஆண்டு ஆய்வாளர்கள் விளக்கினார்கள். சமையலுக்கு இரண்டு இலை போடுவது வேறு. பல நூறு இலைகளின் சாரமான எண்ணெயைக் குடிப்பது வேறு. கர்ப்பிணிகளும் வலிப்பு நோய் உள்ளவர்களும் இதை மருந்தாகச் சாப்பிடக் கூடாது. “இலைதானே, என்ன செய்யப் போவுது?” என்று சொல்வது தவறு. குணமாக்கும் சக்தி உள்ள பொருளுக்குக் கெடுக்கும் சக்தியும் இருக்கும்.

சீன நாட்டு உறவினர்

சால்வியா இனத்தில் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட செடிகள் உள்ளன. பேரங்காடிகளில் விற்கும் சியா விதை மெக்சிகோ பக்கத்துச் சால்வியா. பானத்தில் போடும் செலாசி விதை அதே குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு செடி. நம்ம ஊர்ச் சீன மருந்துக் கடைகளில் கிடைக்கும் தான்ஷென் என்னும் சிவப்பு வேரும் ஒரு சால்வியாவே. சீனரின் பழம்பெரும் மூலிகை நூலான ஷென்னொங் நூலில் அது இடம் பெற்றுள்ளது. 1934இல் ஜப்பானிய அறிஞர்கள் அதிலிருந்து தான்ஷினோன் என்னும் சிவப்புப் பொருள்களைப் பிரித்தெடுத்தனர். இருதயத்துக்கும் இரத்த ஓட்டத்துக்கும் நல்லது என்று பலர் அவ்வேரைக் காய்ச்சிக் குடிக்கிறார்கள்.

ஆனால், இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்கள் இதைத் தொடவே கூடாது. 1990களில் ஹாங்காங்கில் இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்ட நோயாளிகளுக்கு இரத்தம் உறையும் சக்தி அபாயமான அளவுக்குக் குறைந்துபோனதை மருத்துவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். வேரும் நல்ல மருந்து என்று பேர் வாங்கியது. மாத்திரையும் நல்ல மருந்து. இரண்டும் ஓர் உடம்பில் கூடியபோது ஆபத்து வந்தது.

பெரியவர்களே, ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கிளினிக்குக்குப் போகும்போது வீட்டில் குடிக்கும் கஷாயத்தையும் சூரணத்தையும் டாக்டரிடம் சொல்லுங்கள். “ஏசுவாரோ” என்று பயந்து மறைக்க வேண்டாம். பேர் தெரியாவிட்டால் பொட்டலத்தையே கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். தாத்தா பாட்டிக்குத் துணையாகப் போகும் பிள்ளைகளே, அவர்கள் மறந்தாலும் நீங்கள் எடுத்துச் சொல்லுங்கள்.

பாட்டியின் அறிவை யாரும் கேலி செய்ய வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் வேண்டாம். “ஏன்? எவ்வளவு? யாருக்கு?” என்ற மூன்று கேள்விகளைக் கேட்கப் பழகுங்கள். சால்வியாவின் கதையை இத்தனை தூரம் கொண்டு வந்தவை இக்கேள்விகளே. பரிசு பெறும் மாணவர்களுக்கும், அடுத்த ஆண்டு பெறப்போகும் மாணவர்களுக்கும் என் வாழ்த்துகள்.

வாழ்க தமிழ்! வளர்க அறிவு!