கம்பின் தாய்வழி

வீரிய ஒட்டு விதையின் வரலாற்றை, நல்ல இரண்டு ரகங்களைச் சேர்த்து வைத்த கதையாகச் சொல்வதே வழக்கம். கம்பைப் பொறுத்தவரை சேர்த்து வைப்பது ஒருபோதும் சிக்கலாக இருந்ததில்லை. கம்பங்கதிரில் சூல்முடி முதலில் வெளிவரும், மகரந்தப் பை சில நாள் கழித்தே தலைகாட்டும். இடையில் பக்கத்துக் கதிரின் மகரந்தம் காற்றோடு வந்து சேர்ந்துவிடும். இந்த இயல்பை நம்பித்தான் கோயம்புத்தூர்ச் சிறுதானிய ஆய்வாளர்கள் 1950களை ஒட்டி இரண்டு ரக விதைகளைக் கலந்து விதைத்து, எக்ஸ் 1, எக்ஸ் 2 போன்ற ஒட்டுக் கம்புகளை உருவாக்கினார்கள். ஆனால் அப்படி அறுவடையான விதையில் ஏறத்தாழப் பாதிதான் ஒட்டு. மீதி தன் ரகத்துக்குள்ளேயே கருவுற்றது. ஒரே கதிரில் நூற்றுக்கணக்கான பூக்கள் இருக்கும்போது மகரந்தப் பைகளைக் கையால் கிள்ளி எறிந்து விதை விற்க முடியாது. தொழில் பெருக வேண்டுமானால் சேர்க்கையைவிடத் தடுப்பு முக்கியம்: தன் மகரந்தமே இல்லாத தாய் வேண்டும். ஒட்டுக் கம்பின் உண்மையான தொடக்கம் அந்தத் தாய் கிடைத்த நாள்தான் என்பது என் வாதம்.

அந்தத் தாய் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து டிஃப்டனில் கிளென் பர்ட்டன் உருவாக்கிய டிஃப்ட் 23ஏ. அதன் ஆண் மலட்டுத்தன்மை மைட்டோகாண்ட்ரியாவில் இருப்பதால் தாய்வழியாக மட்டுமே இறங்கும். செல்லின் உட்கருவில் உள்ள மரபணுக்கள் தாய் தந்தை இருவரிடமிருந்தும் வர, மைட்டோகாண்ட்ரியா பெரும்பாலான பயிர்களில் சூல் வழியாகவே அடுத்த தலைமுறைக்குப் போகிறது. விதைப் பண்ணையில் இன்றுவரை நீடிக்கும் மூன்று வரிசை முறை இதிலிருந்து பிறந்ததே. மலட்டுத் தாய் ஏ வரிசை. அதே உட்கருவோடு மலடில்லாத மைட்டோகாண்ட்ரியா கொண்டு, தாயைத் தலைமுறை தலைமுறையாகப் பெருக்கிக் கொடுப்பது பி வரிசை. மலட்டை நீக்கி உழவரின் வயலில் கதிரை மணி பிடிக்க வைப்பது ஆர் வரிசை. 1965இல் லூதியானாவில் டி. எஸ். அத்வால் வெளியிட்ட எச்பி 1, பின்னர் வந்த எச்பி 2, எச்பி 3 மூன்றுக்கும் தாய் இந்த ஒரே டிஃப்ட் 23ஏதான்.

ஆர் வரிசை எப்படி மலட்டை நீக்குகிறது என்பது அப்போது யாருக்கும் தெரியாது; தெரியாமலே தொழில் நடந்தது. விடை பல ஆண்டுகள் கழித்து ஆர்என்ஏவில் கிடைத்தது. மக்காச்சோளத்தின் டெக்சாஸ் வகை மலட்டுக்குக் காரணமான மைட்டோகாண்ட்ரியா மரபணு 1986இல் அடையாளம் காணப்பட்டபோது, அதன் பெரும்பகுதி புரதத்துக்கே குறிப்பு தராத ரைபோசோம் ஆர்என்ஏ மரபணுவின் துண்டுகளால் ஒட்டுப் போடப்பட்டது என்று தெரிந்தது. மலட்டை நீக்கும் மரபணுக்களில் பல, பிபிஆர் என்னும் புரதக் குடும்பத்தைச் சேர்ந்தவை. 2002இல் பெட்டூனியாவில் அப்படி ஒன்று முதலில் பிடிபட்டது. உட்கரு மரபணுக்களின் குறிப்பிலிருந்து உருவாகும் இப்புரதங்கள் மைட்டோகாண்ட்ரியாவுக்கும் பசுங்கணிகத்துக்கும் போய், குறிப்பிட்ட ஆர்என்ஏ வரிசையைப் பற்றிக்கொள்கின்றன. நெல்லில் இத்தகைய புரதமொன்று மலட்டு ஆர்என்ஏவை வெட்டச் செய்கிறது. வேறிடங்களில், பற்றிய இடத்தை நொதிகள் கரைக்க முடியாமல் இருபது முப்பது எழுத்து நீளமுள்ள சிறு துண்டு மிஞ்சுகிறது. இவை வெறும் கழிவு என்று ஒருவர் சொல்லலாம். பல துண்டுகளுக்குத் தனி வேலை ஏதும் இல்லாமலும் இருக்கலாம். ஆனாலும் சேற்றில் பதிந்த காலடி, நடந்தவர் யாரென்று சொல்வதுபோல, எந்தப் புரதம் எங்கே நின்றது என்பதை இவை காட்டிக்கொடுக்கின்றன. மூன்று வரிசை என்ற வயல் ஒழுங்கு, உண்மையில் உட்கருவும் மைட்டோகாண்ட்ரியாவும் ஆர்என்ஏ வழியே நடத்தும் பேரத்தை வயல் அளவுக்கு விரித்த ஏற்பாடுதான்.

அப்படியானால் 1970களின் வீழ்ச்சிக்கும் அதே தாய்தானே பொறுப்பு என்ற மறுப்பு எழும். 1970-71இல் ஏறத்தாழ 80 லட்சம் டன்னாக இருந்த நாட்டின் கம்பு விளைச்சல், அடுத்த ஆண்டே 55 லட்சத்துக்குக் கீழே போனது. வானமும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம், ஆனால் அடிச்சாம்பல் நோய் ஒட்டுக் கம்பு வயல்களைக் கடுமையாகத் தாக்கியது உண்மை. 1970இல் அமெரிக்காவில் டெக்சாஸ் வகை மக்காச்சோளத்தை இலைக்கருகல் தாக்கி, விளைச்சலில் ஏறத்தாழ 15 சதவீதத்தைப் பறித்தபோது குற்றவாளி மைட்டோகாண்ட்ரியாதான் என்று உறுதியானது. கம்பிலும் அதுவே நடந்தது என்று முடிவு கட்டுவது எளிது, ஆனால் தவறு. டிஃப்ட் 23ஏவைக் காமா கதிரால் மாற்றி டெல்லி வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தார் எடுத்த 5071ஏ, அதே மைட்டோகாண்ட்ரியாவை வைத்துக்கொண்டே நோயைத் தாங்கியது. அதிலிருந்து 1975இல் என்எச்பி 3 வந்தது. பின்னர் நடந்த ஒப்பீடுகளும் இந்த வகை மைட்டோகாண்ட்ரியாவுக்கும் அடிச்சாம்பலுக்கும் தொடர்பில்லை என்றே காட்டின. வீழ்த்தியது மலட்டுத்தன்மை அல்ல, ஒரே தாயின் உட்கருவை நாடு முழுக்கப் பரப்பிய அவசரம்.

இந்தத் தீர்ப்பு தாய்வழியை முழுதாக விடுவித்துவிடவில்லை. உட்கருவில் பல வகைகள் வந்துவிட்ட பிறகும், இந்திய ஒட்டுக் கம்புகளில் பெரும்பான்மை ஏ1 என்னும் அதே மைட்டோகாண்ட்ரியா வகையையே சுமக்கிறது. மாற்று வகைகள் இருந்தும் பரவாததற்குத் தொழில் சொல்லும் காரணம் நியாயமானது: ஏ1க்கு ஏற்ற ஆர் வரிசை ஏராளம், மற்றவற்றுக்குக் குறைவு. அந்தக் குறை தீர வேண்டுமானால், எந்த உட்கருப் புரதம் எந்த மைட்டோகாண்ட்ரியா ஆர்என்ஏவைப் பற்றும் என்பது தெரிய வேண்டும். கழிவென்று ஒதுக்கத் தோன்றும் சிறு துண்டுகள் விதைத் தொழிலுக்குத் தேவைப்படுவது இங்கேதான். அன்று கிடைத்த தாயை நாடு தற்செயலாக ஏற்றுக்கொண்டது. அடுத்ததைத் தேர்ந்தெடுத்தே ஏற்கலாம்.