செவிக்கு வந்த கம்பி

ரயில் வண்டியில் நமக்கெதிரே இருவர் அமர்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் கல்லூரி மாணவர். அவருடைய இரு செவிகளிலும் வெண்ணிறக் குமிழ்கள் இருக்கின்றன. கம்பி எதுவும் கண்ணுக்குத் தென்படவில்லை. மற்றவர் ஓய்வுபெற்ற முதியவர். அவருடைய கைபேசியிலிருந்து கறுப்புக் கம்பி ஒன்று புறப்பட்டு, சட்டைப் பொத்தான்களின் ஓரமாக மேலேறிக் காதில் முடிகிறது. வண்டி ஊர்களைக் கடந்து பொட்டல்வெளியில் ஓடுகிறது. கைபேசிக் கோபுரங்களின் தொடர்பு அறுகிறது. மாணவர் இணையத்தின் வழியே கேட்டுக்கொண்டிருந்த பாட்டு நின்றுவிடுகிறது. முதியவர் கேட்டுக்கொண்டிருந்த வானொலிச் செய்தியோ சற்றுக் கரகரத்தாலும் நிற்கவில்லை. இந்த வேற்றுமைக்குக் காரணம் அந்தக் கறுப்புக் கம்பியே. அது ஒலியைக் காதுக்குக் கொண்டுசெல்லும் கம்பி மட்டுமன்று. வானிலிருந்து அலையை வாங்கும் ஏரியலும் அதுவே. அந்தக் கம்பியைச் செருகுவதற்குரிய சிறு குழி கைபேசிகளில் எவ்வாறு வந்தது, எவ்வாறு போயிற்று என்பதை இங்கே நோக்குவோம்.

அக்குழியின் பிறப்பிடம் தொலைபேசி இணைப்பகம். 1878ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள் அமெரிக்காவில் நியூ ஹேவன் என்னும் நகரில் வாணிக முறையிலான முதல் இணைப்பகம் தொடங்கிற்று. அன்று அதில் சேர்ந்திருந்த சந்தாதாரர் 21 பேரே. சந்தாதாரர் தொகை பெருகப் பெருக, ஒருவருடைய கம்பியை மற்றொருவருடைய கம்பியோடு விரைந்து சேர்க்கவும் பிரிக்கவும் எளிய வழி ஒன்று தேவைப்பட்டது. சார்லஸ் ஸ்கிரிப்னர் என்னும் பொறியாளர் 1880ஆம் ஆண்டையொட்டி அதற்கான விற்சுருள் அமைப்பு ஒன்றை வகுத்தார். வடிவில் அது மடக்குக்கத்தியை ஒத்திருந்தது. மடக்குக்கத்திக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரின் முற்பகுதியே 'ஜாக்' என்று நிலைத்துவிட்டது. பலகையிலே வரிசை வரிசையாகக் குழிகள். அவற்றில் செருகக் கால் அங்குலப் பருமனுள்ள பித்தளை முனை. முனையின் நுனி ஒரு மின்வழி, அதன் உடல் மற்றொரு மின்வழி. பிற்காலத்தில் இவ்விரண்டுக்கும் இடையே வளையம் ஒன்றும் சேர்ந்தது. இந்த அமைப்பின் சிறப்பு யாதெனில், முனையை எப்பக்கம் திருப்பிச் செருகினாலும் பொருந்தும். இருட்டில் தடவிச் செருகினாலும் தவறு நேராது.

நியூ ஹேவன் இணைப்பகம் திறந்து சரியாக நான்கு ஆண்டுகள் கழித்து, 1882ஆம் ஆண்டின் அதே ஜனவரி 28ஆம் நாளில், கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் தொலைபேசி இணைப்பகங்கள் திறக்கப்பட்டன. கல்கத்தா இணைப்பகத்தில் அன்று இருந்த சந்தாதாரர் 93 பேர். நம் நாட்டில் வெளியூருக்குப் பேச வேண்டுமானால் 'டிரங்க் கால்' பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டியிருந்த காலத்தை மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். மறுமுனையில் ஓர் ஊழியர் கம்பியைக் குழியில் செருகும்வரை அந்தக் காத்திருப்பு நீடிக்கும். 1960இல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே நேரடியாக எண்ணைச் சுழற்றிப் பேசும் முறை வந்தபின்னரே அது சிறிது சிறிதாகக் குறையலாயிற்று.

இணைப்பகத்திலிருந்து இந்தச் செருகுமுனை ஹெட்போனுக்கு வந்தது. 1910இல் அமெரிக்க உட்டா மாநிலத்தைச் சேர்ந்த நதானியேல் பால்ட்வின் என்பார் தாம் வீட்டிலேயே செய்த ஹெட்போனை அமெரிக்கக் கடற்படைக்கு அனுப்பினார். கடலில் கம்பியில்லாத் தந்தி கேட்போருக்கு அது பெரிதும் பயன்பட்டது. வானொலியின் இளமைப் பருவத்தில் மக்கள் வானொலி கேட்டதும் ஹெட்போன் கொண்டே. ஸ்படிக ரேடியோ என்று சொல்லப்பட்ட எளிய கருவிக்கு மின்கலமும் வேண்டியதில்லை. ஆனால் அது தரும் ஒலி மிக மெல்லியது. காரீயத் தாதுப் படிகம் கொண்டு மின்னலையை உணரும் கருவிக்கு நம் ஜகதீச சந்திர போஸ் 1904இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றிருந்தார் என்பதை இங்கு நினைவுகூர்தல் தகும். பம்பாயில் 1923இலும், சென்னை மாகாண ரேடியோ கிளப்பின் முயற்சியால் சென்னையில் 1924இலும் ஒலிபரப்பு தொடங்கியபோது, ஹெட்போனை மாட்டிக்கொண்டு மூச்சை அடக்கிக் கேட்டவர்கள் பலர். குடும்பத்தார் எல்லோரும் கேட்க வேண்டுமானால் ஹெட்போனை ஒரு கிண்ணத்துக்குள் வைத்துவிடுவது உலகெங்கும் கையாளப்பட்ட உபாயம். கிண்ணம் ஒலியைச் சிறிது பெருக்கிக் காட்டும்.

கால் அங்குல முனை சட்டைப்பைக் கருவிக்குப் பெரிது. 1954இல் டிரான்சிஸ்டர் ரேடியோ விற்பனைக்கு வந்தது. அதைத் தொடர்ந்த ஆண்டுகளில் 3.5 மில்லிமீட்டர் பருமனுள்ள சிறிய முனையும் குழியும் பரவின. அதன்பின் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அந்த அளவு மாறவில்லை. 1979இல் ஜப்பானில் சோனி நிறுவனம் வெளியிட்ட முதல் வாக்மேனில் ஒன்றல்ல, இரண்டு குழிகள் இருந்தன. ஒருவர் தனியே பாட்டுக் கேட்பது மரியாதைக் குறைவாகத் தோன்றக்கூடும் என்ற எண்ணத்தால் இரண்டாமவருக்கும் இடம் வைத்தார்களாம். பிந்திய கருவிகளில் அந்த இரண்டாம் குழி மறைந்துவிட்டது. எனினும் ஒரே இயர்போனின் இரு கிளைகளை ஆளுக்கொன்றாகப் பகிர்ந்துகொண்டு அமர்ந்திருக்கும் நண்பர்களைப் பேருந்துகளில் நாம் பன்முறை கண்டிருக்கிறோம். ஒரு தேசத்தில் வாங்கிய கம்பி மற்றொரு தேசத்துக் கருவியில் பொருந்தும். தந்தை வாங்கியது மகனுக்கும் உதவும். அந்தக் குழிக்கு உரிமையாளர் எவருமில்லை. அதைப் பயன்படுத்த எவரும் எவருக்கும் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை.

இனி ஏரியலைப் பற்றிச் சொல்ல வேண்டும். மத்திய அலை வானொலிப் பெட்டியில் ஏரியல் உள்ளேயே, ஒரு ஃபெரைட் தண்டில் சுற்றிய கம்பியாக அமைந்துவிடுகிறது. பண்பலையின் நிலைமை வேறு. ஏறத்தாழ 100 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இயங்கும் அதன் அலைநீளம் சுமார் மூன்று மீட்டர். அதில் நான்கிலொரு பங்கு, அதாவது முக்கால் மீட்டர் நீளக் கம்பி இருந்தால் அலை நன்கு பிடிபடும். ஓர் உள்ளங்கை நீளமே உள்ள கைபேசியில் அத்தனை நீளக் கம்பியை நீட்டி வைப்பது எங்ஙனம்? காதுக்குச் செல்லும் கம்பியோ ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளமுடையது. ஆகவே அதையே ஏரியலாகவும் கொண்டனர். கைபேசியில் வானொலியைத் திறந்தால் 'இயர்போனைச் செருகுக' என்று அது கேட்பதன் காரணம் இதுவே. கம்பியில்லாதது என்று பெயர் பெற்ற வானொலி, கையடக்கக் கருவியில் நுழைவதற்கு ஒரு கம்பியின் துணையை நாடிற்று! நம் நாட்டில் பண்பலை ஒலிபரப்பு முதன்முதலில் தொடங்கியது 1977 ஜூலை 23இல், சென்னையில். பிற்காலத்தில் கைபேசிகள் பரவியபோது, தனியே வானொலிப் பெட்டி வாங்காத பல லட்சம் மக்களின் சட்டைப்பைக்குள் அந்தப் பண்பலை புகுந்ததென்றால், அதற்கு உதவியது அந்த ஒரு மீட்டர்க் கம்பியே.

கம்பியை விலக்கும் முயற்சிக்கும் ஒரு வரலாறு உண்டு. ஸ்வீடன் நாட்டு எரிக்சன் நிறுவனத்தில் 1994இல் யாப் ஹார்ட்சன் என்னும் டச்சுப் பொறியாளர் குறுந்தொலைவு ரேடியோ இணைப்பு ஒன்றை உருவாக்கும் பணியில் ஈடுபட்டார். அதுவே புளூடூத். பிரிந்து கிடந்த டேனிஷ் மக்களை ஒன்றுசேர்த்த பத்தாம் நூற்றாண்டு மன்னர் ஹரால்டின் பட்டப்பெயர் அது. 1998இல் ஐந்து நிறுவனங்கள் கூடி அதைப் பொதுத் தரமாக்கின. தொடக்கத்தில் அது கம்பிக்குத் துணையாகவே இருந்தது; கம்பியின் இடத்தை அது பறிக்கும் என எவரும் அன்று எண்ணியதாகத் தெரியவில்லை.

குழியை முதலில் நீக்கியவர்கள் மெல்லிய கைபேசி செய்ய முயன்றவர்கள். 2012இல் ஓப்போ நிறுவனத்தின் ஃபைண்டர் என்னும் கைபேசி குழியின்றி வந்தது. அதை உலகம் கவனிக்கவில்லை. 2016 செப்டம்பர் 7ஆம் நாள் ஆப்பிள் நிறுவனம் ஐபோன் 7ஐ அறிவித்தபோதுதான் பெருங்கூச்சல் எழுந்தது. குழி நீக்கப்பட்டதற்கு அந்நிறுவன அதிகாரி மேடையில் கூறிய காரணங்களுள் 'துணிவு' என்பதும் ஒன்று. அச்சொல் நெடுநாள் நகைப்புக்கு இடமாயிற்று. அதே மேடையில், காதில் தனித்தனியே பொருந்தும் கம்பியற்ற ஏர்பாட்ஸ் 159 டாலர் விலையில் அறிமுகமாயிற்று என்பதையும் நாம் சேர்த்தே படிக்க வேண்டும்.

இடம் போதவில்லை, நீர் புகாமல் காக்க வேண்டும் என்பன சொல்லப்பட்ட மற்றக் காரணங்கள். இவற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆழமான குழி ஒன்றை நீக்கினால் மின்கலத்துக்கும் காமிராவுக்கும் இடம் கிடைக்கத்தான் செய்யும். ஆனால் 4.75 மில்லிமீட்டர் கனமே உடைய விவோ நிறுவனக் கைபேசி ஒன்று 2014இலேயே குழியோடு வந்திருந்தது. சாம்சங் நிறுவனத்தின் கேலக்சி எஸ்7, ஐபோன் 7க்குச் சில மாதங்கள் முன்னதாகவே, குழியையும் வைத்துக்கொண்டு நீர்க்காப்பில் அதனினும் உயர்ந்த தரம் பெற்றிருந்தது. ஆகவே இயலாமை காரணமன்று. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்னும் தேர்வே காரணம் என்று கொள்வது பொருந்தும். ஏளனம் செய்தவர்களும் நெடுநாள் தாக்குப்பிடிக்கவில்லை. 2016இல் தன் கைபேசியில் குழி உண்டென்று பெருமை பேசிய கூகிள் அடுத்த ஆண்டே அதைக் கைவிட்டது. ஆப்பிளைக் கேலி செய்த சாம்சங்கும் 2019இல் நோட் 10 வெளிவந்தபோது அவ்வழியே சென்றது. ஐபோன் பெட்டியில் வைத்துக் கொடுக்கப்பட்ட இணைப்புத் துண்டு 2018இலும், இயர்போன் 2020இலும் நின்றுபோயின.

கம்பியற்ற குமிழ்களின் வசதியை நாம் மறுக்கவில்லை. ஓடும்போதும் சமையலறையில் வேலை செய்யும்போதும் கம்பி சிக்குவதில்லை. கைபேசி கீழே இழுபடுவதில்லை. எனினும் ஒவ்வொரு குமிழிலும் ஒரு சிறு மின்கலம் இருக்கிறது. அதற்கு நாள்தோறும் மின்னூட்ட வேண்டும். சில ஆண்டுகளில் மின்கலம் சோர்ந்ததும் பெரும்பாலான குமிழ்களைப் பழுதுபார்க்க வழியில்லை, குப்பைக்கே போகின்றன. கம்பி அறுந்த இயர்போனைப் பற்றவைத்துக் கொடுக்கும் கடைக்காரருக்கு இங்கே வேலையில்லை.

ஆயினும் இவற்றிலும் பெரிய இழப்பு ஒன்று 2017இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பர் 20ஆம் நாள் மரியா என்னும் சூறாவளி கரீபியக் கடலிலுள்ள போர்ட்டோ ரிக்கோ தீவைத் தாக்கிற்று. தீவின் கைபேசிக் கோபுரங்களில் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவை செயலற்றுப்போயின. அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையத்தின் தலைவர் அஜித் பாய், ஐபோன்களிலுள்ள பண்பலைச் சில்லுகளை இயங்கச் செய்யுமாறு ஆப்பிளைப் பகிரங்கமாகக் கேட்டுக்கொண்டார். ஐபோன் 7, 8 ஆகியவற்றில் பண்பலைச் சில்லும் இல்லை, அதற்குரிய ஏரியல் அமைப்பும் இல்லை என்று அந்நிறுவனம் விடையிறுத்தது. நியாயமாகச் சொல்வதானால், குழி இருந்த காலத்திலும் ஐபோனில் வானொலி கேட்க வழி தரப்படவில்லை. ஆனால் முன்பு திறக்கப்படாத கதவாக இருந்தது. பின்பு கதவே இல்லாமற் போயிற்று.

நம் நாட்டுக்கு இது தொலைதூரச் செய்தியன்று. 2019 மே 3ஆம் நாள் ஃபானி புயல் ஒடிசாவில் கரை கடந்தபோது, பூரியிலும் சுற்றுவட்டாரங்களிலும் மின்சாரமும் கைபேசித் தொடர்பும் பல நாட்கள் அற்றுப்போயிருந்தன. அத்தகைய வேளையில் ஒரு கோபுரத்துக்கும் கடன்படாமல், தொலைவிலுள்ள ஒலிபரப்பியிலிருந்து நேரே வந்து சேர்வது வானொலி ஒன்றே. 2023 ஏப்ரலில் 18 மாநிலங்களிலும் 2 ஒன்றியப் பகுதிகளிலுமாக 91 பண்பலை ஒலிபரப்பிகள் ஒருசேரத் தொடங்கப்பட்டன. அவ்வாண்டே மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் கைபேசித் தயாரிப்பாளர்களுக்கு ஓர் அறிவுரை விடுத்தது. பண்பலை வசதி உள்ள கைபேசிகளில் அதை முடக்கி வைக்கலாகாது. வசதி இல்லாதவற்றில் அதைச் சேர்க்க முயல வேண்டும். ஏழை எளியோருக்கும் பேரிடர்க் காலத்துக்கும் அது இன்றியமையாதது என்பன அதன் சாரம். அறிவுரை கட்டளையன்று என்பதை இங்குக் குறிப்பிட வேண்டியிருக்கிறது.

விந்தை யாதெனில், பொத்தான்கள் உள்ள மலிவான கைபேசிகள் சிலவற்றில் ஏரியலை உள்ளேயே அமைத்து, கம்பி செருகாமலே பண்பலை கேட்கும்படி செய்திருக்கிறார்கள். ஒலி சற்றுக் குறைபட்டாலும் நிலையம் கிடைக்கிறது. கைபேசியின் விலை பன்மடங்கு ஏறும்போது இந்த வசதி காணாமற் போகிறது. வாக்மேனைத் தந்த சோனி நிறுவனம் 2018இல் தன் உயர்விலைக் கைபேசியில் குழியை நீக்கிவிட்டு, வாங்குவோர் கேட்கவே, 2020இல் மீண்டும் கொண்டுவந்தது. அதற்குள் அந்நிறுவனம் இந்தியாவில் கைபேசி விற்பதை நிறுத்திவிட்டிருந்தது. விலை குறைந்த கைபேசிகள் பலவற்றில் குழி இன்றும் உண்டு. ரயில் வண்டியில் நாம் கண்ட முதியவர் வைத்திருப்பதும் அத்தகையதொன்றே. ஒலி மங்கும்போது அவர் கைபேசியைத் தொடுவதில்லை. கம்பியைச் சற்று நீட்டிச் சன்னல் கம்பியோரமாகச் சாய்த்து வைத்துக்கொள்கிறார்.