எது பயங்கரவாதம், எது சட்டம் ஒழுங்கு? தருமபுரியின் மூன்று நிகழ்வுகள்

2002 நவம்பரில், அன்றைய தருமபுரி மாவட்டத்தின் ஊத்தங்கரைப் பகுதியில் காவல்துறையினரின் துப்பாக்கிச்சூட்டில் இளைஞர் ஒருவர் கொல்லப்பட்டார். நக்சல்பாரி இயக்கத்தினர் எனக் கூறி, பெண்கள் உள்ளிட்ட இருபதுக்கும் மேற்பட்டோர் கைது செய்யப்பட்டனர். அவர்கள்மீது பொடா பாய்ந்தது.

பத்தாண்டுகள் கழித்து, 2012 நவம்பர் 7 அன்று, தருமபுரி மாவட்டம் நாயக்கன்கொட்டாய் அருகே நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று தலித் குடியிருப்புகளுக்குள் பெருங்கூட்டம் புகுந்தது. 250க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டு, எரிக்கப்பட்டு, சேதமாக்கப்பட்டன. அரசின் மொழியில் இது ‘சட்டம் ஒழுங்குப் பிரச்சினை’யாகவே இருந்தது.

ஒன்றை நாட்டுக்கு எதிரான அச்சுறுத்தலாகவும் மற்றொன்றை இரு சாதியினரின் மோதலாகவும் அரசு எவ்வாறு பிரித்துப் பார்க்கிறது? இதை விளங்கிக்கொள்ள, அரசின் கையிலுள்ள சட்டங்களை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

சிறப்புச் சட்டங்களின் வரிசை

சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம், அதாவது ஊபா, 1967இல் இயற்றப்பட்டது. 1985இல் தடா வந்தது. அச்சட்டத்தின்கீழ் 75,000க்கும் மேற்பட்டோர் கைதாயினர்; தண்டனை பெற்றோர் மிகச் சிலரே. 1995இல் அது காலாவதியானது. 2002இல் வந்த பொடா 2004இல் நீக்கப்பட்டது. ஆயினும் அதன் முக்கியப் பிரிவுகள் அதே ஆண்டிலும் 2008இலும் ஊபாவுக்குள் சேர்க்கப்பட்டன. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 113ஆம் பிரிவு, பயங்கரவாதச் செயலைப் பொதுக் குற்றவியல் சட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டது.

ஊபாவின் 43ஈ பிரிவின்படி, குற்றப்பத்திரிகை இல்லாமலேயே ஒருவரை 180 நாட்கள் வரை காவலில் வைக்கலாம். குற்றச்சாட்டு முதல் நோக்கில் உண்மை எனத் தோன்றினாலே பிணை மறுக்கப்படும். விசாரணை முடியும்வரை நீளும் சிறைவாசமே தண்டனையாகிவிடுகிறது. 2021இல் நஜீப் வழக்கில், விசாரணை அளவுகடந்து நீளும்போது அரசமைப்பு நீதிமன்றங்கள் பிணை வழங்கலாம் என உச்ச நீதிமன்றம் கூறியது சிறு ஆறுதல்.

இவற்றோடு, ஒருவரை விசாரணையின்றி ஓராண்டு வரை அடைத்துவைக்க வழிசெய்யும், ‘குண்டர் சட்டம்’ என வழங்கும் 1982ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டமும் உண்டு.

அச்சுறுத்தல் என முத்திரையிடப்பட்ட மண்

1980இல் வட ஆற்காடு, தருமபுரி மாவட்டங்களில் நக்சல்பாரிகளுக்கு எதிராக வால்டர் தேவாரம் தலைமையில் நடந்த காவல்துறை நடவடிக்கையில் பலர் ‘மோதல்’களில் கொல்லப்பட்டனர். அதன்பின் பல்லாண்டுகள் இப்பகுதி க்யூ பிரிவின் கண்காணிப்பில் இருந்தது. கூலி உயர்வு, கந்துவட்டி, தேநீர்க்கடையின் இரட்டைக் குவளை ஆகியவற்றை எதிர்த்துப் பேசியவர்களும் ‘தீவிரவாதத் தொடர்புடையோர்’ ஆயினர்.

ஒரு முத்திரை ஒரு கிராமத்தையே என்ன செய்யும் என்பதற்கு அரூர் வட்டத்தின் வாச்சாத்தி சான்று. சந்தனக் கடத்தலைத் தடுப்பதாகக் கூறி, 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் அந்தப் பழங்குடிக் கிராமத்துக்குள் புகுந்தனர். வீடுகள் இடிக்கப்பட்டன, கிணற்று நீர் பாழாக்கப்பட்டது, 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர், குழந்தைகளும் சிறைக்குக் கொண்டு செல்லப்பட்டனர்.

1995இல் சென்னை உயர் நீதிமன்றம் சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட்டது. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி முதன்மை அமர்வு நீதிமன்றம், குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரில் அப்போது உயிருடன் இருந்த 215 பேரையும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்து, பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் வழங்க உத்தரவிட்டது. உண்மையான கடத்தல்காரர்களைக் காப்பாற்றவே கிராம மக்கள் பலியாக்கப்பட்டனர் என்பதையும் அத்தீர்ப்பு பதிவுசெய்தது. இத்தனைக்கும் 31 ஆண்டுகள் ஆயின.

கண்ணுக்குத் தெரியாத வன்முறை

நத்தத்துக்குத் திரும்புவோம். தலித் இளைஞர் ஒருவரும் வன்னியர் பெண் ஒருவரும் செய்துகொண்ட திருமணத்தைத் தொடர்ந்து அப்பகுதியில் பதற்றம் நிலவியது. பெண்ணின் தந்தை இறந்த அன்று மாலையே தாக்குதல் தொடங்கியது. நாயக்கன்கொட்டாய் வட்டாரம் நக்சல்பாரிப் பகுதியெனக் காவல்துறை பல்லாண்டுகள் உற்றுநோக்கி வந்த இடம். துண்டறிக்கை ஒட்டுபவரை அடையாளம் காணும் உளவுத்துறைக்கு, ஊருக்குள் மூண்டுகொண்டிருந்த பகை தெரியாமல் போனது எப்படி? தெரிந்திருந்தால், தடுக்காமல் விட்டது ஏன்?

ஊபாவின் 15ஆம் பிரிவு பயங்கரவாதச் செயலை வரையறுக்கிறது. மக்களிடமோ மக்களில் ‘ஏதேனும் ஒரு பிரிவினரிடமோ’ பேரச்சத்தை விளைவிக்கும் நோக்குடன், எளிதில் தீப்பற்றும் பொருட்கள் முதலியவற்றைக் கொண்டு உயிருக்கோ உடைமைக்கோ கேடு விளைவிப்பது அதில் அடங்கும். சேரிகளை எரிக்கும் கூட்டத்துக்கு இச்சொற்கள் பொருந்தவில்லை என எவரும் வாதிட முடியாது. ஆயினும் நத்தம் வழக்குகளில் அச்சட்டம் யாருடைய நினைவுக்கும் வரவில்லை.

இதனால், ஆதிக்கச் சாதியினர்மீது ஊபாவை ஏவ வேண்டும் என்று நாம் கோரவில்லை. பிணையையும் நேர்மையான விசாரணையையும் மறுக்கும் சட்டம் யார்மீது ஏவப்பட்டாலும் தவறே. அது இறுதியில் எளியவர்மீதே திரும்பும். நாம் கூறுவது வேறு: அச்சுறுத்தல் எது என்பதைச் சட்டத்தின் சொற்கள் மட்டும் தீர்மானிப்பதில்லை. யார் அஞ்சுகிறார்கள் என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. அரசும் உடைமையாளரும் அஞ்சினால் அது பயங்கரவாதம். சேரி அஞ்சினால் அது சட்டம் ஒழுங்கு.

கையிலிருக்கும் சட்டம்

1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் நடந்த குற்றத்தைத் தண்டிக்க மட்டும் வந்ததன்று. வரவிருக்கும் குற்றத்தைத் தடுக்கவும் வந்தது. களத்தில் நிற்போர் கீழ்க்காணும் பிரிவுகளை மனத்தில் கொள்ள வேண்டும்.

பிரிவு 3(2)(iv): பட்டியல் சாதியினர், பழங்குடியினரின் குடியிருப்பைத் தீயிட்டு அழித்தால் ஆயுள் தண்டனை.

பிரிவு 4: கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும், பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ அல்லாத அரசு ஊழியருக்கு 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை.

பிரிவு 17: வன்கொடுமை நிகழக்கூடும் எனக் கருத இடமிருந்தால், ஒரு பகுதியை வன்கொடுமை வாய்ப்புள்ள பகுதியாக அறிவித்து முன்தடுப்பு நடவடிக்கை எடுக்க மாவட்ட நிர்வாக நடுவருக்கு, அதாவது ஆட்சியருக்கும், துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத காவல் அதிகாரிக்கும் அதிகாரம் உண்டு.

1995ஆம் ஆண்டு விதிகள்: விதி 3 அத்தகைய பகுதிகளைக் கண்டறிந்து பாதுகாப்பளிக்க வேண்டும் என்கிறது. விதி 17 மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் கூட வேண்டும் என்கிறது.

மிரட்டல் எழுந்த உடனேயே, பிரிவு 17ஐயும் விதி 3ஐயும் குறிப்பிட்டு ஆட்சியருக்கும் கண்காணிப்பாளருக்கும் எழுத்துப்பூர்வமாக மனு அளித்து ஒப்புகை பெறுங்கள். பின்னர் வன்முறை நேர்ந்தால், ‘எங்களுக்குத் தெரியாது’ என்று அதிகாரிகள் கூற முடியாது. பிரிவு 4இன்கீழ் நடவடிக்கை கோர அந்த ஒப்புகையே முதல் ஆவணமாகும். கண்காணிப்புக் குழு எத்தனை முறை கூடியது, என்ன முடிவெடுத்தது என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள். கல்லூரி மாணவர் ஒருவர் தம் மாவட்டத்துக்கு இன்றே இதைச் செய்யலாம்.

வாச்சாத்தி மக்கள் 31 ஆண்டுகள் நீதிமன்றப் படியேறி, ‘கடத்தல்காரர்’ என்ற முத்திரையை அரசின் முகத்துக்கு நேரே திருப்பிக் கொடுத்தார்கள். அடுத்த நத்தத்துக்கு முன்பே மனு எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பதே நாம் அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளும் பணி.