அல்வா ஊரின் சர்க்கரைக்கொல்லி

திருநெல்வேலி டவுனில் எங்கள் தாத்தா நாட்டு மருந்துக்கடை வைத்திருந்தார். சிறுகுறிஞ்சான் கேட்டு வருகிறவர்களில் பாதிப்பேர் நீரிழிவுக்காரர்கள், மீதி வேடிக்கை பார்க்க வரும் இளவட்டங்கள். இளவட்டங்களிடம் தாத்தா காசு வாங்கமாட்டார். "மெல்லுலே" என்று இரண்டு பச்சை இலையை நீட்டுவார். வாய் கொப்பளித்ததும் ஒரு விள்ளல் அல்வா. நெய் தெரியும், கோதுமைப்பாலின் வழவழப்பு தெரியும், இனிப்பைக் காணோம்! அல்வாவுக்குப் பேர்போன ஊரில் இதைவிடப் பெரிய குறும்பு ஏது?

வேலியிலும் புதரிலும் படர்கிற, எருக்கின் குடும்பத்துக் கொடி சிறுகுறிஞ்சான். இனிப்பை மறைக்கும் அதன் வித்தையை எட்ஜ்வொர்த் என்ற பிரிட்டிஷ் அதிகாரி 1847-லேயே எழுத்தில் பதித்துவிட்டார். ஆனால் உட்கார்ந்து ஆராய்ந்தவர் டேவிட் ஹூப்பர். ஊட்டியில் சின்கோனா பட்டையின் கொயினாவைச் சோதிப்பதற்காகச் சென்னை அரசு அமர்த்திய ரசாயனர். மலைக்காய்ச்சலுக்கு மருந்து பார்க்க வந்த மனிதர் இந்த இலையையும் மென்று பார்த்தார். சர்க்கரை மணலாகிவிட்டது, ஆரஞ்சு எலுமிச்சைபோலப் புளித்தது, அவருடைய கொயினாவே கசக்காமல் சுண்ணாம்புக்கட்டி போலிருந்தது. 1887-இல் அவர் பிரித்தெடுத்த பொருளுக்கு ஜிம்னீமிக் அமிலம் என்று பெயர். நாக்கில் இனிப்பை உணரும் ஏற்பிகளில் அது ஒட்டிக்கொள்கிறது என்பது வெகுகாலம் கழித்துத் தெரிந்த சங்கதி.

நாக்கு மரத்துப்போவது வேறு, ரத்தத்தில் சர்க்கரை இறங்குவது வேறு. கடைக்கு வருகிறவர்கள் இரண்டையும் ஒன்றாக்கிவிடுவார்கள். பாளையங்கோட்டையில் 1964-இல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி வந்த பிறகும் இந்தக் குழப்பம் தீர்ந்தபாடில்லை.

ரத்தத்தைப் பற்றிய பேச்சுக்கு ஆதாரமாக எல்லோரும் காட்டுவது சென்னைப் பல்கலைக்கழகத்தில் சண்முகசுந்தரம் குழுவினர் செய்து 1990-இல் வெளியிட்ட ஆய்வை. இரண்டாம் வகை நீரிழிவுக்காரர்கள் 22 பேர், வழக்கமான மாத்திரையோடு தினம் 400 மில்லிகிராம் இலைச்சாரத்தை 18 முதல் 20 மாதம் சாப்பிட்டார்கள். சர்க்கரை குறைந்தது, 5 பேரால் மாத்திரையையே நிறுத்த முடிந்தது. பெரிய விஷயம்தான். ஆனால் 22 பேர் சின்னக் கூட்டம். யாருக்குச் சாரம், யாருக்கு வெற்று வில்லை என்று சீட்டுக் குலுக்கிப் பிரித்த சோதனையும் அல்ல. பொடி டப்பாக்களில் அந்த 5 பேரை மட்டும் சொல்லி விற்பது எனக்குப் பிடிக்கவில்லை. மாத்திரையோடு சேர்ந்து சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கினால் ஆள் வியர்த்து மயங்கி விழுவார். அந்த வரியை எந்த டப்பாவிலும் நான் பார்த்ததில்லை.